முன்கண்ணாடியில் மேக்னட் கீறல்: தேய்க்கலாமா, அப்படியே விடலாமா?

#1 சிக்லிட்_சாளரம்

மீன் டேங்க் 3 × 1½ × 1½ அடி. 8 மி.மீ. சாதாரண ஃப்ளோட் கண்ணாடி, மேலே பிரேசிங் (விளிம்பைத் தாங்கும் கண்ணாடிப் பட்டை) உண்டு. ம்புனா வகை சிக்லிட் (பாசி மேயும் ஆப்பிரிக்க ஏரி மீன்), அடியில் ஆற்று மணல். முன்கண்ணாடியின் உள்பக்கம், மணலுக்கு ஒரு இஞ்ச் மேலே, வில் மாதிரி வளைந்து 8 இஞ்ச் நீளத்துக்குக் கீறல். மேக்னட் க்ளீனர் (கண்ணாடியின் இருபுறமும் காந்தம் வைத்துப் பாசி துடைக்கும் கருவி) போட்ட கோடு என்பதில் சந்தேகம் இல்லை. வெளிப்பக்கம் மெல்லிசா ஏழெட்டுக் கோடுகள். தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளையா ஒரு பட்டை, துடைத்தால் போகவில்லை.

டேங்க் உடையுமா? சீரியம் ஆக்சைடு (கண்ணாடி பாலிஷ் தூள்) போட்டுத் தேய்த்தால் போகுமா? மீனை எடுக்காமல் செய்ய வழி உண்டா?

#2 விரால்77

மூணும் ஒரே கீறல்னு நினைச்சு ஒரே மருந்து தேடாதீங்க. முதல்ல பிரிச்சுப் பாருங்க.

வெள்ளைப் பட்டை பெரும்பாலும் கீறலே இல்லை, போர் தண்ணீர் உப்பு. தண்ணியை நாலு இஞ்ச் இறக்கிட்டு, டிஷ்யூ பேப்பரை வெள்ளை வினிகர்ல நனைச்சு அந்தப் பட்டைமேல ஒட்டி வையுங்க. அரை மணி நேரம் கழிச்சு பிளாஸ்டிக் கார்டால சுரண்டினா வழிச்செடுத்த மாதிரி வரும். பழைய கறைன்னா ரெண்டு மூணு தடவை செய்யணும். நாலு சொட்டு வினிகர் உள்ளே விழுந்தா சிக்லிட் டேங்க்ல ஒண்ணும் ஆகாது. அந்தத் தண்ணியோட கார்பனேட் கடினமே அதை அடக்கிடும்.

வெளிப்பக்கக் கோட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வெச்சுப் பாருங்க. நனைஞ்சதும் மறைஞ்சா மேலோட்டமான கோடு, தேய்ச்சா போகும். நனைஞ்சும் தெரிஞ்சா, அல்லது நகத்தைக் குறுக்கே இழுக்கும்போது மாட்டினா, ஆழம்.

உள்பக்கக் கீறல் ஏற்கெனவே தண்ணிக்குள்ளதான் இருக்கு. இப்ப எவ்வளவு தெரியுதோ அதுதான் அதோட முழு அழகு. டேங்க்கைக் காலி பண்ணினா ரெண்டு மடங்கு பயங்கரமா தெரியும். அதைப் பார்த்துப் பதறி எமரி ஷீட் எடுத்து நிறைய பேர் கெடுத்துக்கறாங்க.

#3 ஆடிதேய்ப்பவன்

விரால் சொன்ன நனைப்புச் சோதனைக்குக் காரணம் இதுதான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. கண்ணாடிக்கும் அதைத் தொட்டிருப்பதற்கும் இந்த எண்ணில் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் கீறலின் ஓரங்கள் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் ஒரே ஆழமுள்ள கீறல் வெளிப்பக்கம் இருந்தால் பளிச்சென்றும், உள்பக்கம் இருந்தால் மங்கலாகவும் தெரியும். ஃபோட்டோ எடுக்கும் நாளில் மட்டும் வெளிக்கீறலில் துளி பாராஃபின் எண்ணெய் தடவித் துடைத்தால் காணாமல் போவதும் இதனால்தான். அதன் எண் 1.47 பக்கம் வரும். உள்பக்கம் இதெல்லாம் கூடவே கூடாது.

கீறல் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால், வெளியே அதன் பக்கத்தில் சின்னதாக டேப் ஒட்டித் தலையை இடம் வலமாக ஆட்டுங்கள். டேப்பைவிட்டுக் கீறல் நகர்கிற மாதிரித் தெரிந்தால் உள்ளே. சேர்ந்தே நின்றால் வெளியே.

#4 பால்கனி_மீன்

இவ்வளவு வேண்டாம் ப்ரோ. வெள்ளை டூத்பேஸ்ட், மெல்லிய துணி, வட்டமாத் தேய்ச்சா போயிடும். நிறைய வீடியோ இருக்கு.

#5 ஆடிதேய்ப்பவன்

அது அக்ரிலிக் தொட்டிக்கு ஓரளவு சரி. கண்ணாடிக்கு இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி 5.5 பக்கம். பேஸ்டில் இருக்கும் சுண்ணாம்புத் தூள் 3தான். தன்னைவிட மென்மையான பொருளால் கண்ணாடியைச் சுரண்ட முடியாது. வீடியோவில் மறைகிற கோடு பெரும்பாலும் கண்ணாடிமேல் படிந்த உப்போ உலோகக் கறையோ. பேஸ்ட் கீறலுக்குள் அடைந்து இரண்டு நாள் ஏமாற்றும், அவ்வளவுதான். அதே கணக்கில், ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மேக்னட்டில் ஒரு மணல் மாட்டினாலே கண்ணாடி தோற்றுவிடும்.

சீரியம் ஆக்சைடு வேறு ஆட்டம். அது சுரண்டுவதோடு நிற்காமல், தண்ணீர் சேரும்போது கண்ணாடியின் மேற்பரப்போடு வேதியியல் ரீதியாகவும் வேலை செய்கிறது. அதனால்தான் தொலைநோக்கி ஆடிக்கும் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் எடுக்கும் அளவு மிகச் சொற்பம். 1200 கிரிட் (எண் கூடக் கூடத் துகள் நைஸ்) விட்ட நுண்குழிகளைக் கையால் மெருகேற்றி எடுக்கவே மணிக்கணக்காகும். நகம் மாட்டும் கீறலுக்கு வெறும் சீரியம் போட்டு உட்கார்ந்தால் பொங்கலுக்கு ஆரம்பித்துத் தீபாவளிக்கு முடிக்கலாம்.

#6 கண்ணாடிப்பட்டறை

உடையுமா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்க டேங்க்கில் தண்ணீர் ஆழம் 45 செ.மீ. என்றால் அடியில் அழுத்தம் 4.4 கிலோபாஸ்கல். முன்கண்ணாடி முழுவதையும் சேர்த்துத் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடி வெளிப்பக்கமாக லேசாக உப்பும். உப்பும்போது நடுப்பகுதியின் வெளிமுகம் இழுபடும், உள்முகம் அமுங்கும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. அதனால் நடுப்பகுதியில் உள்பக்கம் விழுந்த கீறல் பார்வைக்குத்தான் தொல்லை. வெளிப்பக்கம் நகம் மாட்டும் அளவுக்கு இருந்தால்தான் யோசிக்கணும். பிரேசிங் இல்லாத ரிம்லெஸ் டேங்க்கில் மேல்விளிம்பின் நடுப்பக்கம் வெளிமுகம்தான் மிக மோசமான இடம்.

டேங்க் கணக்குகளில் வழக்கமாக 3.8 பாதுகாப்புக் காரணி (தேவையைவிட 3.8 மடங்கு பலம்) வைத்துத்தான் கனம் முடிவு செய்வார்கள். மேக்னட் கோடு அதைத் தின்றுவிடாது. பயப்பட வேண்டியவை இவை: விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால், கீறலின் முனையிலிருந்து கிளை பிரிந்தால், கீறல் சிலிகான் மூட்டுக்குள் போய் மறைந்தால், வாரத்துக்கு வாரம் நீண்டால். கீறலின் இரண்டு முனையிலும் வெளியே மார்க்கரால் புள்ளி வையுங்க. ஒரு மாதத்தில் புள்ளியைத் தாண்டினால் அது கீறல் இல்லை, விரிசல். அன்றைக்கே தண்ணீரை இறக்கணும்.

#7 சிக்லிட்_சாளரம்

நன்றி அண்ணா. வெள்ளைப் பட்டை வினிகரில் முக்கால்வாசி போய்விட்டது. கொஞ்சம் மூட்டமாக நிற்கிறது. வெளிக்கோடுகள் எல்லாமே தண்ணீர் சொட்டில் மறைகின்றன. உள்கீறல் நகத்தில் லேசாக மாட்டுகிறது, முனைகளில் கிளை எதுவும் இல்லை. வெளிக்கோடுகளுக்கு மட்டும் சீரியம் போடலாம் என்று இருக்கிறேன். பொருள், அளவு, முறை சொல்லுங்கள்.

#8 கண்ணாடிப்பட்டறை

சீரியம் ஆக்சைடு 50 கிராம் போதும். கண்ணாடி பாலிஷ் பட்டறைக்குச் சரக்கு போடும் கடையில் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. வெள்ளை, வெளிர் இளஞ்சிவப்பு, வெளிர் பழுப்பு என்று வரும். செங்காவி நிறத்தில் நீட்டினால் அது இரும்பு ஆக்சைடு, ரூஜ் என்பார்கள். மெருகு வரும், ஆனால் மிக மெதுவாக, கூடவே தொட்ட இடமெல்லாம் காவி. வாங்காதீங்க.

3 இஞ்ச் கம்பளி ஃபெல்ட் பேட், ட்ரில்லில் மாட்டும் ரப்பர் பேக்கிங்கோடு. ட்ரில் ஸ்பீட் கன்ட்ரோல் உள்ளதாக இருக்கணும். 1000 முதல் 1500 ஆர்பிஎம் வரை. ஹேமர் மோட் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று ரெண்டு தடவை பாருங்க. ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்றும், அதைக் கண்ணாடி பக்கம் கொண்டே வராதீங்க.

டேங்க்கைக் காலி செய்து, தரையில் தெர்மாகோல் ஷீட் போட்டு, பின்கண்ணாடி கீழே வரும்படி மல்லாக்கப் படுக்க வையுங்க. முன்கண்ணாடி மேலே பார்த்துக் கிடந்தால் கலவை வழியாது. வெறும் கண்ணாடியே 33 கிலோ வரும், இரண்டு பேர் வேணும். பிரேசிங்கைப் பிடித்துத் தூக்காதீங்க, சிலிகான் மூட்டு கிழியும்.

கோடுகள் இருக்கும் இடத்தைக் கண்ணாடியின் மறுபக்கத்தில், அதாவது உள்பக்கம், மார்க்கரால் வளைத்துவிடுங்க. பேஸ்ட் பூசியதும் கோடு எங்கேயென்று தெரியாது. கண்ணாடி விளிம்பையும் சிலிகானையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்க, மூட்டிலிருந்து ஒரு இஞ்ச்சாவது தள்ளி வேலை செய்யணும்.

தூள் இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் மூன்று. ரவா தோசை மாவுப் பதம். பேட்டை முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு, பிறகு கலவையில் தோய்க்கணும். பேட்டைக் கண்ணாடியில் வைத்த பிறகுதான் ஸ்விட்ச், இல்லாவிட்டால் சுவர் முழுக்கக் கோலம். ட்ரில்லின் சொந்த எடை போக லேசான அழுத்தம் போதும். கோட்டின்மேல் மட்டும் நிற்காமல் அதைவிட மூன்று மடங்கு அகலத்துக்குப் பரப்பித் தேயுங்க.

இதில் கண்ணாடியின் உயிர் போவது சூட்டால். ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் நிறுத்திப் புறங்கையை வைத்துப் பாருங்க. வெதுவெதுப்பு தாண்டினால் ஆறவிடணும். சாதாரண கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே வெடிக்கலாம். பேட் காய ஆரம்பித்தால் கண்ணாடியைக் கவ்வி இழுக்கும், சத்தமும் மாறி 'கீச்' என்று வரும். அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடிக்கணும். சூடான கண்ணாடிமேல் சில்லென்ற தண்ணீர் அடித்தாலும் அதே வெடிப்புதான். அறை வெப்பநிலைத் தண்ணீரே வையுங்க.

நீங்க சொன்ன மாதிரி மெல்லிய கோடுகள் உள்ளங்கை அகல இடத்துக்கு 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். மிச்சமிருக்கும் உப்பு மூட்டத்துக்கும் இதே கலவை நல்லா வேலை செய்யும். அது உப்பு கண்ணாடியை அரித்த மூட்டம், வினிகருக்கு அசையாது. ஆனால் மூட்டம் உள்பக்கம், மேல்விளிம்பை ஒட்டி. அங்கே மெஷின் வேண்டாம், ஃபெல்ட் துண்டை மரக்கட்டையில் சுற்றிக் கையால்.

காய்ந்த தூளைக் கொட்டும்போது என்95 மாஸ்க். முடிந்ததும் ஈரம் இருக்கும்போதே துடைங்க. காய்ந்தால் சிலிகான் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும்.

#9 பால்கனி_மீன்

டேங்க்ல தண்ணி இருக்கும்போதே வெளிப்பக்கம் செய்யலாமே? பின்னாடி தண்ணி இருந்தா கண்ணாடி சூடாகாது.

#10 விரால்77

கையால, மெதுவான ஃபெல்ட் கட்டையால செய்யறதா இருந்தா தண்ணியைப் பாதிக்கு இறக்கிட்டுச் செய்யலாம், தப்பில்லை. மெஷின்னா வேண்டாம் தம்பி. உள்முகம் தண்ணியால குளிர்ந்தும் வெளிமுகம் சூடாவும் இருந்தா இழுப்பு இன்னும் கூடும், அதுக்கு மேல தண்ணி அழுத்தம் வேற. கையில கரண்ட் மெஷின், பக்கத்துல தண்ணித் தொட்டி, ஈரத் தரை. ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லாத வீட்டுல இதைப் பேசவே கூடாது. அதிர்வுல மீன் கல்லுல மோதிக் காயப்படும்கிறது தனி.

காலி பண்ணும்போது மறக்கற விஷயம் ஃபில்டர். பஞ்சையும் செராமிக்கையும் டேங்க் தண்ணியிலேயே ஒரு பக்கெட்ல போட்டு ஏர் ஸ்டோன் ஓடவிடணும். குழாய்த் தண்ணியில கழுவினா மீன் கழிவோட அம்மோனியாவை அடக்கற பாக்டீரியாவைக் குளோரின் கொன்னுடும். கண்ணாடி பளபளன்னு இருக்கும், அடுத்த வாரம் அம்மோனியா ஏறி மீன் மிதக்கும்.

#11 ஆம்பல்_தொட்டி

உள்கீறலை வாட்டர் பேப்பர் போட்டு எடுத்துவிட்டு சீரியம் போட்டால் என்ன? 400, 600, 800, 1200 என்று வரிசையாக.

#12 ஆடிதேய்ப்பவன்

கோட்பாட்டில் சரி, கீறலும் போகும். அதற்குப் பதிலாக என்ன வரும் என்று பாருங்கள்.

கீறலின் அடிவரை முழு இடத்தையும் பள்ளமாக்கியாக வேண்டும். பள்ளத்தின் ஓரம் எவ்வளவு சரிவாக இருந்தாலும் அந்த இடம் ஒரு லென்ஸ். அதன் பின்னால் மீன் நீந்தும்போது வால் நெளியும், கல் வளையும். கீறல் ஒரு கோடு, கண் சீக்கிரம் பழகிவிடும். நெளிவு அப்படியல்ல, தலையை அசைக்கும்போதெல்லாம் அதுவும் அசையும். தெரிந்துகொள்ள, கட்டம் போட்ட லுங்கியைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள்.

அடுத்தது தூய்மை. 1200 கட்டத்தில் 400 கிரிட்டின் ஒரே ஒரு துகள் ஒட்டியிருந்தால் போதும், ஒரு மணி நேர வேலையின் குறுக்கே புதுக்கோடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் டேங்க்கை முழுதாகக் கழுவி, பக்கெட், துணி, டேப் எல்லாம் மாற்ற வேண்டும். படுக்க வைத்த தொட்டிக்குள் குனிந்துகொண்டு, 18 இஞ்ச் அகலத்தில், சிலிகானைத் தொடாமல். எட்டு இஞ்ச் கீறலுக்கு ஒரு முழு நாள் போகும்.

என் கருத்து: உள்பக்கம், நகம் மாட்டுகிறது, முன்கண்ணாடி. மூன்றும் சேர்ந்தால் தேய்க்கக் கூடாது.

#13 கண்ணாடிப்பட்டறை

டஃப்பன் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்திய) கண்ணாடியாக இருந்தால் #12ஐப் படிக்கவே வேண்டாம். டஃப்பனில் இரு பக்கமும் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுக்க அடுக்கு. சீரியம் மேலோட்டமாகப் போடலாம், கிரிட் போட்டுக் குடையக் கூடாது. தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் திரையோடு எல்சிடி மானிட்டர் வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்க. கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரிந்தால் டஃப்பன்.

கார் விண்ட்ஷீல்டு ரெசின் பற்றிக் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே: அது கல் தெறித்த சில்லுக்கு. சில்லுக்குள் ரெசின் இறங்கி யூவி வெளிச்சத்தில் இறுகும். நீளக் கீறலில் நிற்க இடமில்லை, மட்டமாக வழிக்கும்போது கூடவே வந்துவிடும். வெளிப்பக்கச் சில்லுக்கு மட்டும் போடலாம். அதுவும் அழகுக்குத்தான், பலம் திரும்பி வராது. கண்ணாடி அரிக்கும் க்ரீம், ஆசிட் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீங்க. ஃப்ளோரைடு சரக்கு அது, தோல் வழியாகவே உள்ளே இறங்கும்.

#14 ஆம்பல்_தொட்டி

அப்போது மறைப்பதே வழி. லைட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்விளிம்பில் இருந்தால் வெளிச்சம் கண்ணாடியை உரசிக்கொண்டு இறங்கும், கீறல் ட்யூப்லைட் மாதிரி எரியும். மூன்று நான்கு இஞ்ச் பின்னால் தள்ளினாலே பாதி அடங்கும். கீறலுக்குள் பாசி அடைந்தால் பச்சைக் கோடாகிவிடும். வாரம் ஒரு முறை குழந்தைகள் டூத் பிரஷ்ஷால் கோட்டின் நீளவாட்டில் தேய்த்துவிடுங்கள்.

வாலிஸ்னேரியா செடி வைத்து மறைக்கலாம் என்பேன், ம்புனா அதை விட்டுவைக்காது.

#15 பவழப்பாறை

உப்புநீர்க்காரர்கள் மேக்னட்டோடு இன்னும் அதிகமாக மல்லுக்கட்டுகிறோம், அதனால் காரணம் பற்றிக் கொஞ்சம். மணலில் மேக்னட் பட்டதால் மட்டும் கீறல் வராது, மணலே மேக்னட்டைத் தேடி வரும். ஆற்று மணலில் கருப்புப் பொடியாக இருப்பதில் மேக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்புத் தாது) உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்களும் உண்டு, பலமான நியோடைமியம் மேக்னட் அவற்றையும் இழுக்கும். கார்னெட் கண்ணாடியைவிடக் கடினம். காய்ந்த மணலில் மேக்னட்டை ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். மீசை முளைத்தால் அந்த மணலுக்கு மேக்னட் க்ளீனர் ஒத்துவராது.

மேக்னட்டை உள்ளேயே ஒட்டி வைத்துவிட்டுப் போகும் பழக்கம்தான் முதல் எதிரி. வேலை முடிந்ததும் வெளியே எடுத்து, ஃபெல்ட் பக்கத்தைக் குழாயில் கழுவி, கட்டை விரலால் தடவிப் பார்த்து வையுங்கள். அடி இரண்டு இஞ்ச்சுக்கு மேக்னட்டே வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். கெட்டியான புள்ளிப் பாசிக்குப் புது ஸ்டீல் பிளேடு, 30 டிகிரி சாய்த்து, மேல்நோக்கி மட்டும் தள்ளணும், திரும்ப இழுக்கக் கூடாது. துரு பிடித்த பிளேடு ஒரு ரம்பம்தான். பச்சைப் பாத்திர நார் கூடாது, அதில் அலுமினியம் ஆக்சைடு இருக்கும்.

#16 கண்ணாடிப்பட்டறை

எப்படியும் வெளிக்கோட்டுக்காகக் காலி செய்யத்தான் போறீங்க. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒரே கனமா, ஒரே உயரமா? ஓவர்ஃப்ளோ துளை எதுவும் இல்லையே? அப்படியென்றால் தொட்டியைத் திருப்பிப் போடுங்க. கீறல் பின்னால் போய்விடும்.

முன்கண்ணாடியை மட்டும் கழற்றி மாற்றுவது 3 அடி டேங்க்குக்குக் கட்டாது. பழைய சிலிகான்மேல் புது சிலிகான் பிடிக்காது. கண்ணாடி தொடும் எல்லா ஓரத்தையும் பிளேடால் சுத்தமாகச் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, வினிகர் வாசம் வரும் சிலிகான் போட்டு, ஒரு வாரம் காயவிட்டு, 24 மணி நேரம் வெளியே தண்ணீர் நிரப்பிச் சோதித்து... அதற்குப் புது டேங்க்கே ஒட்டி வாங்கலாம். சென்னை என்றால் கொளத்தூரில் ஒரு சுற்று சுற்றினால் போதும்.

#17 சிக்லிட்_சாளரம்

இரண்டு பக்கமும் 8 மி.மீ., துளை இல்லை. திருப்பிவிடுகிறேன். அப்படியானால் வெளிக்கோடுகளுக்கும் சீரியம் தேவையில்லை போல. பின்னால் கருப்பு ஃபிலிம் ஒட்டிவிடவா?

#18 ஆடிதேய்ப்பவன்

கருப்பு வேண்டாம். கீறல் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும், கருப்புக்கு முன்னால் அது இன்னும் எடுப்பாக நிற்கும். வெளிர் நீலமோ பனிமூட்ட வெள்ளையோ ஒட்டுங்கள். ஒட்டுமுன் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை நகர்த்தி உட்கார வைத்து, கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். அந்த ஈரம் காய்வதற்குள் உங்கள் வெளிக்கோடுகளும் மறைந்திருக்கும், பசை உள்ளே இறங்கிவிடும்.

#19 கண்ணாடிப்பட்டறை

திருப்புமுன் புது முன்பக்கத்தை வெயிலில் சாய்வாகப் பிடித்துப் பாருங்க. சுவர்ப் பக்கம் இருந்ததால் கீறல் இருக்காது, உப்புத் தெறிப்பு இருக்கும். அதை இப்பவே வினிகரில் எடுங்க. அடியில் இருக்கும் தெர்மாகோல் பழையதென்றால் புதுசு போடுங்க. பழையது ஒரு வடிவத்துக்கு அமுங்கியிருக்கும், திருப்பினால் பொருந்தாது. அதன் நடுவில் சின்னக் கல் இருந்தாலும் அடிக்கண்ணாடிக்கு ஆபத்து.

#20 விரால்77

புதுப் பின்கண்ணாடியில பாசியைச் சுரண்டாதீங்க. ரெண்டு மாசத்துல கீறல் மேலேயே படர்ந்திடும், ம்புனா அதை மேய்ஞ்சுக்கிட்டே இருக்கும்.